சர்க்கரை நோயாளியின் வாழ்வை எளிதாக்குவோம்

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



சர்க்கரை நோய் உள்ள ஒருவரைச் சந்தித்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "இப்ப சுகர் எவ்வளவு இருக்கு பாய்?" என்பதுதான். அவர் ஓர் எண்ணைச் சொல்வார். குறைவாக இருந்தால் "அல்ஹம்துலில்லாஹ்" என்போம். கூடுதலாக இருந்தால் "வாயைக் கட்டுங்க" என்று ஓர் அறிவுரை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்த எண்ணைச் சுமந்துகொண்டு நடக்கிற மனிதர் நிம்மதியாக இருக்கிறாரா, இரவில் தூங்குகிறாரா, விருந்துக்குப் போகவே கூச்சப்படுகிறாரா என்று நாம் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 'வாழ்க்கைத் தரம்' என்பதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒருவர் தாம் வாழும் பண்பாட்டுக்கும் மதிப்பீடுகளுக்கும் நடுவே, தம்முடைய இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்துத் தம் வாழ்க்கையைத் தாமே எப்படி உணர்கிறார் என்பதே அது. இதை நம் வாழ்க்கையில் பொருத்திப் பாருங்கள். ஒரு முஸ்லிமுக்குப் பள்ளிவாசலின் ஸஃப்பில் நிற்பதும், ரமளானில் குடும்பத்தோடு இஃப்தாருக்கு உட்காருவதும், வலீமா விருந்தில் நாலு பேரோடு கை நனைப்பதும் வாழ்க்கையின் பகுதிகள். நோய் இவற்றையெல்லாம் தொடுகிறது. எனவே இன்றைய பாடம் சர்க்கரையைக் குறைப்பது எப்படி என்பதோடு நிற்காது. அந்த நோயோடு வாழும் நம் சகோதரரும் சகோதரியும் கண்ணியமாக, நிம்மதியாக வாழ மார்க்கம் என்ன வழி காட்டுகிறது, சுற்றியிருக்கும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே நம் பேச்சு.

இது யாருக்கோ வந்த நோய் இல்லை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு, சென்னையைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. நம் நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றும், அவர்களின் எண்ணிக்கை சுமார் 10 கோடியே 10 லட்சம் என்றும் அது கணக்கிட்டது. நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர்.

ஒரு ஜும்ஆவுக்கு 300 பேர் வந்து உட்கார்ந்தால், இந்தக் கணக்குப்படி அவர்களில் முப்பது பேருக்கும் மேல் இந்த நோயோடு இருப்பார்கள். அவர்களில் சிலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. எனவே இதைப் படிக்கும் நீங்கள் நோயாளியாக இல்லாவிட்டாலும், உங்கள் அத்தாவோ, உம்மாவோ, மனைவியோ, பக்கத்து ஸஃப்பில் நிற்பவரோ நோயாளியாக இருப்பார்.

நோயின் வேலை என்ன? நாம் உண்ணும் உணவு இரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்கிறது. அந்தச் சர்க்கரை உடலின் செல்களுக்குள் போக, கணையத்தில் சுரக்கும் இன்சுலின் வேண்டும். முதல் வகை நோயில் இன்சுலின் ஏறத்தாழ சுரப்பதே இல்லை. பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருவது இது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. போகப் போகச் சுரப்பதும் குறையும். நம்மிடையே அதிகம் இருப்பது இந்த வகைதான். கட்டுப்பாடு இல்லாமல் ஆண்டுகள் ஓடினால் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு இருபது ஆண்டுகள் நடந்த ஆய்வு ஒன்று 1998இல் வெளியானது. சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் வரும் பாதிப்புகள் கால் பங்கு குறைந்ததாக அது காட்டியது. முயற்சிக்குப் பலன் உண்டு. ஆனால் அந்த முயற்சி எவ்வளவு கடினம் என்பது நோயாளிக்குத்தான் தெரியும். மாத்திரை, ஊசி, விரல் குத்தல், நடை, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் ஒரு கணக்கு. இந்த வேலைக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை கிடையாது, பெருநாளன்றும் விடுமுறை கிடையாது.

உம்முல் முன்திர் (ரலி) வீட்டில் ஒரு பாடம்

நோயாளியிடம் சாப்பாட்டைப் பற்றி எப்படிப் பேசுவது? இதற்கு அண்ணலாரின் வாழ்க்கையில் ஓர் அழகிய முன்மாதிரி இருக்கிறது. அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ள சம்பவம் இது.

அன்ஸாரிப் பெண்மணியான உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் வீட்டுக்கு நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். உடன் அலீ (ரலி) அவர்களும் வந்தார்கள். அலீ (ரலி) அப்போதுதான் ஒரு நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பேரீச்சங்குலைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. நபியவர்கள் எழுந்து அதிலிருந்து உண்ணத் தொடங்க, அலீ (ரலி) அவர்களும் உண்ணத் தொடங்கினார்கள். நபியவர்கள் அவரை நிறுத்தச் சொல்லி, நீர் இப்போதுதானே நோயிலிருந்து தேறியிருக்கிறீர் என்று நினைவூட்டினார்கள். அலீ (ரலி) நிறுத்திக்கொண்டார்கள். இதற்கிடையில் உம்முல் முன்திர் (ரலி) வாற்கோதுமையும் 'ஸில்க்' எனும் ஒரு கீரையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்த நபியவர்கள், இதிலிருந்து எடுத்துக்கொள்ளும், இது உமக்கு ஏற்றது என்று அலீ (ரலி) அவர்களிடம் சொன்னார்கள்.

அலீ (ரலி) அவர்களுக்கு இருந்தது சர்க்கரை நோய் என்று இந்த ஹதீஸ் சொல்லவில்லை. ஆனாலும் நோயாளியின் உணவைப் பற்றிய ஒழுங்குகள் இதில் நிறைந்திருக்கின்றன.

முதலாவது, பத்தியம் இருப்பது தவக்குலுக்கு எதிரானது இல்லை. அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்தால் போதும், எதையும் சாப்பிடலாம் என்று பேசுபவர்கள் இந்த ஹதீஸைச் சிந்திக்க வேண்டும். பேரீச்சம்பழம் பரக்கத்தான கனி. அதையே நபியவர்கள் ஒரு நோயாளிக்கு அந்த நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.

இரண்டாவது, தடுக்கும்போது காரணத்தைச் சொன்னார்கள். உமக்குக் கட்டுப்பாடு இல்லை என்று குத்திக் காட்டவில்லை.

மூன்றாவது, வேண்டாம் என்பதோடு நிறுத்தவில்லை. ஏற்ற உணவு வந்ததும் அவரை அழைத்து உண்ணச் சொன்னார்கள். அதே வீட்டில், அதே சபையில், அவரும் விருந்தாளியாகவே இருந்தார்.

நம் வீட்டு விருந்துகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம், "ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது, மாத்திரையைப் போட்டுக்கலாம்" என்று தட்டில் இனிப்பைத் திணிக்கிறோம். இன்னொரு பக்கம், அவர் ஒரு கரண்டி பிரியாணி எடுத்தால், "உங்களுக்குத்தான் சுகராச்சே!" என்று சபையே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போடுகிறோம். இரண்டும் அவரைக் காயப்படுத்துகின்றன. திணிப்பவர் அவர் உடலைக் கெடுக்கிறார். சத்தம் போடுபவர் அவர் மனத்தைக் கெடுக்கிறார்.

உம்முல் முன்திர் (ரலி) செய்ததை நாமும் செய்யலாம். வலீமாவில் பிரியாணியோடு கறியும் கோழியும் இருக்கத்தான் செய்யும். கூடவே எண்ணெய் குறைந்த ஒரு காய்கறிக் கூட்டு, வெள்ளரிக்காய், தயிர்ப் பச்சடி, சர்க்கரை போடாத தேநீர் ஆகியவற்றை எல்லா மேசையிலும் வைத்துவிடுங்கள். "சுகர் உள்ளவங்களுக்குத் தனியா" என்று ஓரமாக ஒரு மேசை போட வேண்டாம். யாருக்கு எது ஏற்றதோ அவர் எடுத்துக்கொள்ளட்டும். வீட்டிலும் அப்படித்தான். குடும்பம் முழுவதும் காயைக் கூட்டி, சோற்றைக் குறைத்துச் சாப்பிட்டால் நோயாளிக்குத் தனிச் சமையல் தேவையில்லை. மற்றவர்களுக்கும் அது பாதுகாப்பு.

உடல் அமானிதம், மருந்து சுன்னத்

இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம், அவருடைய உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் உணர்த்தியது புகாரீயில் பதிவாகியுள்ளது. இபாதத்தின் பெயரால்கூட உடலின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்றால், அலட்சியத்தின் பெயரால் பறிக்கலாமா?

வைத்தியம் செய்யலாமா என்று கிராமவாசிகள் வந்து கேட்டபோது, வைத்தியம் செய்யுமாறும், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை வைத்திருக்கிறான் என்றும் நபியவர்கள் சொன்னார்கள். உபை பின் கஅப் (ரலி) அவர்களுக்கு உடல்நலம் குன்றியபோது ஒரு மருத்துவரையே அனுப்பி வைத்தார்கள். இது முஸ்லிமில் உள்ளது.

அந்த வழியில் வந்த முஸ்லிம் மருத்துவர்கள் இந்த நோயையும் ஆராய்ந்தார்கள். இப்னு ஸீனா தம் மருத்துவப் பெருநூலில் இதை விவரித்தார். பக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் 13ஆம் நூற்றாண்டில் இந்த நோய்க்கென்றே தனி நூல் எழுதினார். ஆனால் இன்சுலின் கிடைக்கும்வரை, முதல் வகை நோய் வந்த பிள்ளைகள் பிழைத்திருப்பது அரிது. 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் அவருடைய குழுவினரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் அது செலுத்தப்பட்டது. மரணத்தின் விளிம்பில் இருந்த அவன் தேறினான். அல்லாஹ் ஒரு நிவாரணத்தை மனிதர்களின் கையால் வெளிப்படுத்திய நாள் அது.

இன்றும் நம்மில் சிலர், "இன்சுலின் போட ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாது" என்று பயமுறுத்துகிறார்கள். முதல் வகை நோய் உள்ள பிள்ளைக்கு இன்சுலின் என்பது நமக்குச் சோறும் தண்ணீரும் போல. அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டு என்ற ஹதீஸை நாம் ஏற்கிறோம், நேசிக்கிறோம். ஆனால் அதைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? நபியவர்களே மருத்துவரை அனுப்பியிருக்கிறார்கள். தேனில் நிவாரணம் உண்டு என்று குர்ஆன் சொல்கிறது. அதே நேரத்தில் தேன் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்பதும் அல்லாஹ் அதில் வைத்த தன்மைதான்.

ரமளானில் சலுகையும் சங்கடமும்

சர்க்கரை நோயாளியின் மனம் அதிகம் தவிப்பது ரமளானில்தான். 2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 79 சதவீதத்தினரும், முதல் வகை நோய் உள்ளவர்களில் 43 சதவீதத்தினரும் ரமளானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தார்கள். ஈமானின் பற்றை இது காட்டுகிறது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோன நிகழ்வுகள் ரமளானில் முதல் வகையினருக்கு 4.7 மடங்கும், இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்கும் கூடியிருந்தன.

நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்திலேயே நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ் சலுகை வைத்தான் (2:184, 185). தான் நாடுவது எளிமையை, சிரமத்தை அல்ல என்பதையும் அங்கேயே அறிவித்துவிட்டான். சலுகை என்பது மார்க்கத்துக்கு வெளியே இருக்கும் பின்வாசல் இல்லை. அது அல்லாஹ்வே திறந்து வைத்த வாசல்.

சட்டம் தெரியாமல் நோயாளியைக் கஷ்டப்படுத்துவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு அபூதாவூதில் வரும் ஒரு செய்தியைப் பாருங்கள். ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் நபியவர்கள், அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்துகொண்டார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்றும், அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் சொன்னார்கள்.

"எங்க பாட்டனாருக்கும் சுகர் இருந்துச்சு, முப்பதும் புடிச்சாரு. உங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்களே! நாவைப் பேணிக்கொள்ளுங்கள். ஒருவருடைய நோய் இன்னொருவருடைய நோய் போல இருக்காது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

1. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே, அதாவது ரஜப் மாதத்தின் முற்பாதியிலேயே மருத்துவரைப் பாருங்கள். நோன்பு வைக்கலாமா, எந்த மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது, எதன் அளவைக் குறைப்பது என்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாகவே நேரம் மாற்றிப் போடாதீர்கள்.

2. முதல் வகை நோய் உள்ளவர்கள், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர்கள், சிறுநீரகம் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். மருத்துவர் வேண்டாம் என்றால் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு ஆலிமிடம் வாருங்கள். பிறகு களாச் செய்ய முடியுமா, நிரந்தர நோயாளியாக ஃபித்யா கொடுப்பதா என்பதை அவர் விளக்குவார்.

3. நோன்பு வைப்பவர்கள் பகலில் விரல் குத்திச் சோதித்துப் பாருங்கள். ஒரு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது. இன்சுலின் ஊசி உணவாகாது என்பதால் அதனாலும் முறியாது என்பதே இக்கால மார்க்க அறிஞர்கள் பெரும்பாலானோரின் தீர்ப்பு.

4. சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கினாலோ, 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். மஃக்ரிபுக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். உயிரைக் காப்பது கடமை.

5. இஃப்தாரில் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும், சுன்னத் நிறைவேறிவிடும். சர்பத்தையும் எண்ணெயில் பொரித்த வடை, சமோசாவையும் தள்ளி வையுங்கள். நோன்புக் கஞ்சியை அளவோடு குடியுங்கள். ஸஹரைத் தவறவிடாதீர்கள், அதைக் கடைசி நேரத்துக்குத் தாமதப்படுத்துங்கள்.

நோன்பு வைக்க முடியாத சகோதரரே, சகோதரியே! ஆரோக்கியமாக இருந்தபோது ஓர் அடியான் செய்துவந்த நற்செயல்களின் கூலி, நோயில் விழுந்தாலும் பயணம் போனாலும் அவனுக்கு எழுதப்படுகிறது என்பது புகாரீயில் வரும் நற்செய்தி. உங்களுக்கு ரமளான் இல்லாமல் போய்விடவில்லை. குர்ஆன் இருக்கிறது, தராவீஹ் இருக்கிறது, ஸதகா இருக்கிறது, நோன்பாளிக்கு இஃப்தார் கொடுக்கும் நன்மை இருக்கிறது.

குடும்பத்தாரே! உங்கள் உம்மா அடுக்களையின் மூலையில் ஒளிந்து நின்று, குற்றவாளியைப் போல மதியச் சோற்றை விழுங்கும் நிலையை உண்டாக்காதீர்கள். "உம்மா, நேரமாச்சு, சாப்பிட்டு மாத்திரையைப் போடுங்க" என்று நீங்களே எடுத்து வையுங்கள்.

உளூவும் பாதமும்

சர்க்கரை நோயில் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் வலிக்காது. கவனிக்காத சிறு புண் பெரிதாகி, காலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். காலை இழந்தவரின் நடை, தொழில், தன்மானம் எல்லாம் மாறிவிடுகிறது.

நமக்கு அல்லாஹ் ஒரு நாளில் ஐந்து வாய்ப்புகளைத் தந்திருக்கிறான். உளூவில் கால் கழுவி, விரல்களைக் கோதும்போதே பாதத்தைப் பாருங்கள். வெடிப்பு, சிவப்பு, கொப்புளம் இருக்கிறதா? குனிய முடியாவிட்டால் மகனையோ மகளையோ பார்க்கச் சொல்லுங்கள். பிறகு விரல் இடுக்குகளைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். ஈரம் தங்கினால் அங்கே புண் வரும். வெந்நீரில் உளூச் செய்தால் முதலில் முழங்கையால் சூட்டைப் பாருங்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கோடையில் பள்ளியின் வெறும் தரையும், உம்ராவில் வெயில் காயும் தரையும் இப்படிப்பட்ட கால்களைச் சுட்டுவிடும். மெல்லிய காலுறை போட்டுக்கொள்ளுங்கள். இஹ்ராமில் இருக்கும் ஆண்கள் தங்களுக்குள்ள சட்டத்தை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புண்ணில் கட்டுப் போட்டிருந்தால் கட்டின் மேல் மஸஹ் செய்யவும், தேவையானால் தயம்மும் செய்யவும் வழி இருக்கிறது.

மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) தொழுகையைப் பற்றிக் கேட்டார்கள். நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து தொழு, அதற்கும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழு என்பதே பதிலின் கருத்து. நோயோடு வாழ்பவருக்கேற்ப வணக்கத்தின் வடிவம் இலகுவாகிறது, வணக்கம் அவரை விட்டுப் போவதில்லை.

மனத்தின் பாரம்

வில்லியம் பொலான்ஸ்கி என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1995இல் இருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயாளியின் மனத்தை எது அழுத்துகிறது என்று அது கேட்கிறது. எதிர்காலத்தைப் பற்றிய பயம், எப்போதும் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு, கட்டுப்பாடு தவறும்போது வரும் குற்ற உணர்வு, குடும்பத்தாரும் நண்பர்களும் துணையாக இல்லை என்ற எண்ணம் எல்லாம் அதில் இருக்கின்றன. இது ஈமான் பலவீனத்தால் வருவது என்று எண்ணிவிடாதீர்கள். ஓய்வே இல்லாத ஒரு வேலையைச் செய்பவருக்கு வரும் சோர்வு இது. சோர்வு முற்றி, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு.

ஒரு முஃமினுக்கு வரும் களைப்பும் நோயும் கவலையும், அவர் காலில் தைக்கும் ஒரு முள்ளும்கூட அவருடைய பாவங்களுக்குப் பரிகாரமாகின்றன என்று புகாரீ, முஸ்லிமில் வருகிறது. அப்படியென்றால் தினமும் விரலில் ஏற்றும் ஊசி? வயிற்றில் போடும் இன்சுலின்? பொறுமையோடு ஏற்றால் ஒவ்வொரு குத்தலிலும் அல்லாஹ்வின் மன்னிப்பை ஆதரவு வைக்கலாம்.

வீட்டில் கவனிக்கப்படாதவர்கள்

நம் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுபவர் உம்மா. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அத்தாவின் மாத்திரை நேரம் உம்மாவுக்குத் தெரியும். உம்மாவின் மாத்திரை நேரம் யாருக்காவது தெரியுமா?

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) தம் சகோதரர் அபூதர்தா (ரலி) வீட்டுக்குப் போனபோது, முதலில் கண்ணில் பட்டது அவருடைய மனைவி தம்மைக் கவனிக்காமல் இருந்த நிலைதான். உமது இறைவனுக்கும் உமக்கும் உமது குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு, அவரவர் உரிமையைக் கொடும் என்று அபூதர்தாவிடம் எடுத்துச் சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபியவர்கள் உறுதிப்படுத்தினார்கள். கணவர்களே! அஸருக்குப் பிறகு மனைவியோடு அரை மணி நேரம் நடந்து வாருங்கள். அவருக்கு அது மருந்து, உங்களுக்கு நன்மை. இந்த நோய் தாம்பத்திய உறவிலும் தளர்ச்சியை உண்டாக்கலாம். வெட்கப்பட்டு மறைத்து, ஒருவர் மீது ஒருவர் சந்தேகம் கொள்வதைவிட மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

இன்சுலின் போடும் பிள்ளைகள் மதரஸாவுக்கும் வருகிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடவும் ஊசி போடவும் உஸ்தாதுமார்கள் அனுமதிக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு இந்த நோய் இருந்தால் பெற்றோர் சம்பந்தம் பேசும்போது மறைக்கிறார்கள். மறைப்பது தவறு, பின்னால் வேதனைதான் மிஞ்சும். ஆனால் மறைக்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார்? சொன்ன மறுநிமிடமே எழுந்து போகிற நாம்தானே! நன்றாகப் பேணிவந்தால் அந்தப் பெண் மற்றப் பெண்களைப் போலவே குடும்பம் நடத்தவும் பிள்ளை பெறவும் முடியும்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

1. பள்ளியில் சர்க்கரைப் பொட்டலமோ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும். ஒருவர் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 108ஐ அழையுங்கள். தொழுகையில் இந்த அறிகுறி வந்தால் தொழுகையை விட்டு விலகி, உயிரைக் காத்துக்கொள்ளுங்கள், பிறகு தொழலாம்.

2. ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், மருத்துவரும் ஆலிமும் ஒரே மேடையில் உட்கார்ந்து நோயாளிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். அன்றே சர்க்கரைப் பரிசோதனையும் பாதப் பரிசோதனையும் நடக்கட்டும்.

3. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. தனியாக வாழும் முதியவர்களின் பெயரைப் பதிய ஜமாஅத்தின் இளைஞர்கள் உதவட்டும்.

4. சோதனைப் பட்டை வாங்க வசதியில்லாமல் மாதக்கணக்கில் சோதிக்காமலே இருப்பவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். ஸதகாவில் ஒரு பங்கை, அவர்களுடைய பெயர் வெளியே தெரியாமல், இதற்கு ஒதுக்குங்கள்.

5. நோயாளியை நலம் விசாரிக்கும் சுன்னத்தைச் சர்க்கரை நோயாளிக்கும் செய்யுங்கள். படுக்கையில் விழுந்த பிறகுதான் போக வேண்டும் என்று சட்டமில்லை.

அன்பிற்குரியவர்களே! அடுத்த முறை ஒரு சர்க்கரை நோயாளியைச் சந்திக்கும்போது எண்ணைக் கேட்பதற்கு முன், "எப்படி இருக்கீங்க? நான் ஏதாவது செய்யணுமா?" என்று கேளுங்கள். பதிலை முழுவதும் காதுகொடுத்துக் கேளுங்கள். நோயைக் குணமாக்குவது அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. நோயாளியின் ஒரு நாளை இலகுவாக்குவதை அவன் நம் கையிலும் கொடுத்திருக்கிறான்.

யா அல்லாஹ்! எங்களில் நோயுற்றவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! மருந்தைத் தவறாமல் எடுக்கும் உறுதியையும், நீ தந்த சலுகையை மனக்குறையின்றி ஏற்கும் பக்குவத்தையும் அவர்களுக்குக் கொடுப்பாயாக! அவர்களுடைய கண்களையும் கால்களையும் சிறுநீரகங்களையும் இதயங்களையும் பாதுகாப்பாயாக! அவர்களுக்குச் சுமையாக இல்லாமல் துணையாக இருக்கும் குடும்பத்தாராகவும் அண்டை வீட்டாராகவும் எங்களை ஆக்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.